இரண்டு சிறைகளும் ஒரு குன்றும்

பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் போதைப்பொருள் கும்பல்களுக்கும் காவல் துறையின் அதிரடிப்படைக்கும் இடையே பல பத்தாண்டுகளாக நடந்துவரும் மோதலை உலகத்தார் பெரும்பாலோர் அறிந்துகொண்டது, 2007இல் வெளியான 'த்ரோப்பா ஜி எலீச்சி' என்ற போர்த்துகீசிய மொழித் திரைப்படத்தின் வழியாகத்தான். 'தேர்ந்தெடுத்த படை' என்று பொருள்படும் அப்படம் பிற நாடுகளில் 'எலைட் ஸ்குவாட்' என்ற ஆங்கிலப் பெயரால் அறியப்படுகிறது. ஜோசே பாதில்யா இயக்கிய அப்படத்தின் கதை 1997ஆம் ஆண்டில் நிகழ்கிறது. அதன் நாயகனான காவல் தலைவன் நாசிமென்டோ, ஓய்ந்துபோன ஒரு மனிதனின் குரலில், தன் நகரத்தின் நிலையைப் பார்வையாளர்களுக்கு விளக்கத் தொடங்குகிறான். கதைக்கு ஏதேனும் ஓர் ஆண்டைத் தொடக்கமாகக் கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அப்படத்தில் வரும் குன்று, கும்பல், படை ஆகிய மூன்றும் அந்த ஆண்டுக்கு வந்துசேர்ந்த வழி நூறாண்டு நீளமுடையது. அவ்வழியைப் பின்தொடர்ந்து சென்றால், கருஞ்சீருடைப் படையும் அது வேட்டையாடும் கும்பலும் வெவ்வேறு உலகங்களில் பிறந்தவை அல்ல என்பதும், இரண்டும் ஒரே ஆட்சியின் கீழ், ஒரே பத்தாண்டில், சிறைச்சாலைகளிலிருந்து கிளம்பியவை என்பதும் புலப்படும்.

முதலில் குன்றின் கதை. ரியோவின் ஏழைகள் வாழும் நெருக்கமான குடியிருப்புகளுக்கு 'ஃபவேலா' என்று பெயர். அது உண்மையில் ஒரு செடியின் பெயராகும். பிரேசிலின் வடகிழக்கே மழை பொய்த்துப்போகும் வறண்ட உள்நாட்டில் வளரும் அந்தப் புதர்மரம், ஆமணக்கு எந்தத் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்ததோ அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் முள் தைத்தால் நெருப்புப் பட்டதுபோல் காந்தும். அந்த வறண்ட நாட்டில், பாயியா மாநிலத்தின் கனுதோஸ் என்னும் இடத்தில், அந்தோனியோ கொன்செல்யெய்ரோ என்ற நாடோடிச் சமயப் போதகரைச் சுற்றி நிலமற்ற உழவர்களும் விடுதலை பெற்ற அடிமைகளும் திரண்டு ஒரு பெரும் குடியிருப்பை எழுப்பினார்கள். 1889இல் முடியாட்சியை அகற்றிவிட்டு வந்த புதிய குடியரசு அதைத் தனக்கு எதிரான கலகமாகக் கண்டு, 1896, 1897 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை படை அனுப்பியது. முதல் மூன்று படைகளும் தோற்றுத் திரும்பின. நான்காவது படை 1897 அக்டோபரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குடிசைகளைக் கொண்ட அவ்வூரை அடியோடு அழித்தது. முற்றுகையின்போது படைகள் நிலைகொண்டிருந்த குன்றில் அந்த முட்செடி மண்டிக் கிடந்ததால் அது 'ஃபவேலா குன்று' எனப்பட்டது. போரைச் செய்தியாளராக நேரில் கண்ட யூக்ளிதிஸ் த கூன்யா 1902இல் வெளியிட்ட பெருநூலால் அக்குன்றின் பெயர் நாடெங்கும் பரவியது.

போர் முடிந்து அன்றைய தலைநகரான ரியோவுக்குத் திரும்பிய படைவீரர்கள், தங்களுக்கு உறுதியளிக்கப்பட்ட வீடும் நிலுவைச் சம்பளமும் கிடைக்காத நிலையில், போர் அமைச்சகத்தின் பின்புறமிருந்த ப்ரொவிதென்சியா குன்றில் பலகையும் தகரமும் கொண்டு குடிசை போட்டுக்கொண்டு, தாங்கள் விட்டுவந்த போர்க்களத்தின் பெயரையே அக்குன்றுக்கு இட்டார்கள். நாளடைவில் ஒரு குன்றின் சிறப்புப் பெயராக இருந்த சொல், நகரில் அதுபோல் எழுந்த குடியிருப்புகள் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. ஏழைகளின் ஊர் ஒன்றை அழித்த போர்வீரர்கள் தாங்களே ஏழைகளாய்த் திரும்பிவந்து இட்ட பெயர் என்பதால், ஃபவேலா என்ற சொல்லுக்குள் போரின் நினைவு தொடக்கத்திலிருந்தே புதைந்து கிடக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

அவர்கள் ஏறியபோது குன்று வெறுமையாக இருக்கவில்லை. பிரேசிலில் அடிமைமுறை 1888 மே 13 அன்றுதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்றவர்களுக்கு நிலமோ கூலிக்கு உறுதியோ தரப்படவில்லை. வேலை தேடி ரியோவுக்கு வந்தவர்கள் 'கொர்த்திசோ' எனப்பட்ட ஒண்டுக்குடித்தனக் கட்டடங்களில் அடைந்து கிடந்தார்கள். 'பன்றித்தலை' என்று அழைக்கப்பட்ட அத்தகைய பெருங்கட்டடம் ஒன்றை, நோய் பரப்பும் இடம் என்று கூறி நகரத் தலைவர் 1893 ஜனவரியில் இடித்துத் தள்ளினார். வீடிழந்தவர்கள் இடிபாடுகளிலிருந்து மரச்சட்டங்களை எடுத்துச்செல்ல அனுமதிக்கப்பட்டார்கள். அச்சட்டங்களில் ஒரு பகுதி அருகிலிருந்த குன்றுக்கே ஏறியது. பின்னர் 1902 இறுதி முதல் 1906 வரை நகரத் தலைவராயிருந்த பெரெய்ரா பாசோஸ், பாரிஸ் நகரை முன்மாதிரியாகக் கொண்டு அகன்ற சாலைகளை வெட்டியபோது, இடிக்கப்பட்ட ஒவ்வொரு தெருவின் மக்களும் ஒன்று புறநகருக்குப் போனார்கள், அல்லது குன்றேறினார்கள்.

ஃபவேலாவைத் தமிழில் 'சேரி' என்று மொழிபெயர்க்கும் வழக்கம் உண்டு. அச்சொல்லில் ஏறியிருக்கும் சாதிப் பொருள் ஃபவேலாவுக்குப் பொருந்தாது. அங்கே நிறமும் அடிமைமுறையின் எச்சமும் வேறு வகையில் செயல்படுகின்றன. மாறாக, 'புறம்போக்கில் குடியேறியவர்கள்' என்று சொன்னால் தமிழ் வாசகருக்கு நிலைமையின் சட்டப் பக்கம் உடனே விளங்கும்: பட்டா இல்லாத மண், வரைபடத்தில் இடம்பெறாத தெரு, எந்த நாளும் வரக்கூடிய இடிப்பு ஆணை. 1937ஆம் ஆண்டின் நகரக் கட்டட விதிகள் ஃபவேலா என்ற சொல்லை முதன்முறையாகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது, அவை அகற்றப்பட வேண்டியவை என்றே குறித்தன. ரியோ மக்கள் தம் நகரை இன்றும் இரண்டு சொற்களால் பிரித்துப் பேசுகிறார்கள். ஒன்று 'மோரோ', அதாவது குன்று. மற்றொன்று 'அஸ்ஃபால்டோ', அதாவது தார்ச்சாலை. தார்ச்சாலை வீடுகளில் சமைப்பவர்களும் குழந்தை வளர்ப்பவர்களும் கட்டடம் கட்டுபவர்களும் மாலையில் குன்றேறி வீடு திரும்புகிறார்கள்.

1960களில் ஆளுநர் கார்லோஸ் லசெர்தாவின் ஆட்சியும் அதன்பின் வந்த இராணுவ ஆட்சியும் கடற்கரையை ஒட்டிய ஃபவேலாக்களைப் பெருமளவில் அகற்றி, அங்கிருந்தவர்களை நகரின் மேற்கே தொலைவில் கட்டப்பட்ட தொகுப்பு வீடுகளுக்கு அனுப்பின. பிற்காலத்தில் நாவலாலும் திரைப்படத்தாலும் உலகறிந்த 'சிதாஜி ஜி தேவுஸ்', அதாவது 'கடவுளின் நகரம்', அப்படிக் கட்டப்பட்ட குடியிருப்புகளுள் ஒன்று. லெப்லோன் கடற்கரைக்கு அருகிலிருந்த ப்ரையா தோ பின்டோ ஃபவேலா, அகற்றுவதற்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்த 1969இல் தீப்பிடித்து எரிந்துபோயிற்று; அதே மண்ணில் இன்று நடுத்தர வகுப்பினரின் அடுக்குமாடிகள் நிற்கின்றன.

அதே 1969ஆம் ஆண்டில் பிறந்த மூன்று அரசாணைகளில்தான் இந்த வரலாற்றின் முடிச்சு இருக்கிறது. 1964இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம், ஜூலையில் பிறப்பித்த ஆணையால் மாநிலங்களின் காவல் படைகளைத் தரைப்படையின் துணைப் படைகளாக ஆக்கியது. செப்டம்பரில் வந்த நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், வங்கிக் கொள்ளையை நாட்டுக்கு எதிரான குற்றங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆயுதப் போராட்டத்துக்குப் பணம் திரட்டப் புரட்சிக் குழுக்கள் வங்கிகளைக் கொள்ளையடித்ததே அதற்குக் காரணம். அக்டோபரில், அன்று ரியோ நகர் மட்டும் அடங்கிய குவானபாரா மாநிலத்தின் காவல் துறை வெளியிட்ட பணியாணை, காவலரால் ஒருவர் கொல்லப்பட்டால் அதைக் கொலை வழக்காகப் பதிவு செய்யாமல், 'கைதை எதிர்த்துத் தாக்கியதால் நேர்ந்த சாவு' என்று பதிவு செய்ய வழிவகுத்தது. 'அவுட்டோ ஜி ரெசிஸ்தென்சியா' என்ற அந்தப் பதிவு முறை, தமிழ் வாசகர் 'என்கவுன்ட்டர்' என்ற சொல்லால் அறிந்திருப்பதற்கு ஏறத்தாழ நிகரானது. இராணுவ ஆட்சி 1985இல் முடிந்தபின்னும் அப்பதிவு முறை முடியவில்லை.

இரண்டாவது ஆணையின் விளைவு ரியோவுக்குத் தென்மேற்கே கடலில் உள்ள 'இல்யா கிராண்டே', அதாவது பெருந்தீவு என்னும் தீவில் வெளிப்பட்டது. அங்கிருந்த காந்திதோ மென்டிஸ் சிறையில், ஒரே சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டவர்கள் என்ற காரணத்தால், படித்த புரட்சிக்காரர்களும் ஃபவேலாவிலிருந்து வந்த வங்கிக் கொள்ளையரும் ஒரே பகுதியில் அடைக்கப்பட்டார்கள். அரசியல் கைதிகளிடம் கட்டுப்பாடு இருந்தது. உணவைப் பங்கிட்டார்கள், கூட்டாக மனு எழுதினார்கள், உண்ணாநோன்பு இருந்தார்கள், வெளியிலிருந்து வந்ததைப் பொதுவில் வைத்தார்கள். பொதுமன்னிப்பு இயக்கம் வலுப்பெற்று அவர்கள் வேறிடங்களுக்கு மாற்றப்பட்ட பின்னும், அந்த ஒழுங்கு கொள்ளையரிடையே தங்கிவிட்டது. சக கைதியைக் கொள்ளையடிக்கக் கூடாது, வன்புணரக் கூடாது, ஒவ்வொருவரும் பொது நிதிக்குப் பணம் தர வேண்டும் என்பன அவர்களின் விதிகளாயின. அந்நிதி, சிறைக்குள் இருப்பவர்களின் குடும்பங்களுக்கும் தப்பியோடும் முயற்சிகளுக்கும் செலவாயிற்று. முதலில் 'செவ்வணி' என்று பொருள்படும் பெயராலும், பின்னர் பத்திரிகைகள் பரப்பிய 'கொமாண்டோ வெர்மெல்யோ', அதாவது 'செந்தலைமை' என்ற பெயராலும் அக்கூட்டம் அறியப்பட்டது. புரட்சிக்காரர்கள் கொள்ளையருக்குப் பாடம் நடத்திக் கும்பலை உருவாக்கினார்கள் என்ற கதை பிற்காலத்தில் பரவலாகச் சொல்லப்பட்டாலும், அக்கும்பலின் முதல் தலைமுறையைச் சேர்ந்த வில்லியம் த சில்வா லீமா தம் நினைவு நூலில் அதை ஏற்கவில்லை. சிறையின் கொடுமைதான் ஆசிரியர் என்பதே அவர் கூற்றின் சாரம். அவருடைய நூலின் தலைப்பு 'ஒருவனுக்கு எதிராக நானூறு பேர்' என்று பொருள்படுவது. 1981இல் தப்பிவந்த கூட்டாளி ஒருவனை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல் துறை முற்றுகையிட்டுப் பல மணிநேரம் சுட்டுக்கொண்டிருந்த நிகழ்ச்சியை அது குறிக்கிறது.

வங்கிக் கொள்ளை கடினமாகிக்கொண்டிருந்த 1980களின் தொடக்கத்தில் கோகைன் வந்தது. ஆண்டிஸ் மலைநாடுகளில் விளையும் கோகா இலையிலிருந்து எடுக்கப்படும் அப்பொருள், ஐரோப்பாவுக்குச் செல்லும் வழியில் பிரேசிலின் துறைமுகங்களைக் கடந்தது. ஒரு பகுதி ரியோவிலேயே விற்பனைக்கு நின்றது. நிதி, கட்டுப்பாடு, சிறைக்கு உள்ளும் வெளியிலும் ஆட்கள் என்று எல்லாமே தயாராயிருந்த செந்தலைமை, குன்றுகளில் முன்பே இருந்த சிறு கஞ்சா விற்பனை இடங்களை ஒவ்வொன்றாகத் தன்கீழ் கொண்டுவந்தது. அந்த விற்பனை இடத்துக்கு 'போக்கா ஜி ஃபூமோ', அதாவது 'புகைவாய்' என்று பெயர். அதைச் சுற்றி ஒரு முழு வேலைப் பிரிவினை வளர்ந்தது. குன்றுக்கு உரிமை கொண்டாடும் 'தோனோ' மேலே இருப்பவன், பெரும்பாலும் சிறையிலிருந்தே ஆணையிடுபவன். அவனுக்குக் கீழே கணக்குப் பார்க்கும் மேலாளர், துப்பாக்கி ஏந்தும் காவலாள், பொட்டலம் விற்பவன் என்று வரிசை இறங்கும். எல்லாருக்கும் கீழே, குன்றின் அடிவாரத்தில் நின்று காவல் வண்டியைக் கண்டதும் வாணம் கொளுத்தும் சிறுவன் இருப்பான். 'ஃபொகெத்தெய்ரோ', அதாவது வாணக்காரன் என்று அவனுக்குப் பெயர். சில இடங்களில் வாணத்துக்குப் பதிலாகப் பட்டம் பறந்தது: வானில் இருந்த பட்டம் சட்டென்று இறங்கினால் மேலே இருப்பவர்கள் புரிந்துகொள்வார்கள். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் விளையாட்டுப் பொருள் எச்சரிக்கைக் கருவியாக மாறியதைப் பற்றிக் குற்றவியல் நூல்கள் ஒரு வரியில் கடந்துபோகின்றன. இந்த வரலாற்றில் அதைவிடக் கொடிய மாற்றம் வேறில்லை.

இனிப் படையின் கதை. ரியோவின் காவல் படை, நெப்போலியனுக்கு அஞ்சி லிஸ்பனை விட்டு ஓடிவந்த போர்த்துகீசிய இளவரசர் ஜோவான் 1809 மே 13 அன்று நிறுவிய அரசக் காவல் படையின் வழிவந்தது. அடிமைகள் பாதிக்குப் பாதி நிறைந்திருந்த நகரில் அப்படையின் முதல் வேலை, தப்பியோடிய அடிமைகளைப் பிடிப்பதும் அவர்கள் காட்டில் அமைத்த மறைவிடங்களை அழிப்பதுமாக இருந்தது. அதில் பேர்பெற்ற தளபதி மிகேல் நூனிஸ் விதிகால் என்பவருக்குக் கடலோரக் குன்று ஒன்று கொடையாகக் கிடைத்தது. அக்குன்று இன்று விதிகால் என்ற ஃபவேலாவாக அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பிரேசிலில் சீருடை அணிந்து ரோந்து செல்லும் 'இராணுவக் காவல் படை' வேறு, வழக்கைப் புலனாய்வு செய்யும் 'குடிசார் காவல் துறை' வேறு. முன்னதற்குப் படைத் தரவரிசையும் பாசறையும் உண்டு. பெயரில் இராணுவம் இருந்தாலும் அது மாநில அரசின் காவல் துறையே.

1974இல் ரியோவின் எவாரிஸ்தோ ஜி மொராயிஸ் சிறையில் கைதிகள் பிணையாட்களைப் பிடித்து வைத்துக்கொண்டபோது, அத்தகைய நிலையைக் கையாளப் பயிற்சி இல்லாத காவலர்கள் உள்ளே புகுந்து சுட்டதில், சிறையின் இயக்குநரான மேஜரும் உயிரிழந்தார். அந்தத் தோல்வியைக் கண்ட பாவ்லோ சேசர் அமென்தோலா என்ற இளம் அதிகாரி, பிணைமீட்புக்கென்றே ஒரு சிறு குழு வேண்டும் என்று முன்வைத்த திட்டம் ஏற்கப்பட்டு, 1978 ஜனவரி 19 அன்று சிறப்பு நடவடிக்கைக் குழு ஒன்று உருவாயிற்று. பல பெயர் மாற்றங்களுக்குப் பின் 1991இல் அது 'சிறப்புக் காவல் நடவடிக்கைப் பட்டாலியன்' ஆயிற்று. அதன் போர்த்துகீசியப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'போப்பி' என்று மக்கள் அழைக்கிறார்கள். மண்டையோட்டின் உச்சியிலிருந்து பாய்ந்து நிற்கும் குத்துவாளும் அதன் பின்னே குறுக்காக வைத்த இரண்டு கைத்துப்பாக்கிகளும் அதன் சின்னம். சாவை வென்றதன் அடையாளம் அது என்பது படையினர் தரும் விளக்கம். குன்றில் வாழ்பவர்கள் அதைச் சாவு என்றே வாசித்தார்கள்.

பிணையாட்களை உயிரோடு மீட்கப் பிறந்த குழு, குன்றுகளில் போரிடும் படையாக மாறியதுதான் இந்த வரலாற்றின் முதன்மையான திருப்பம். குறுகலான சந்துகளில் மேல்நோக்கி ஏறிச் சுடும் பயிற்சி வேறு எந்தப் பிரிவுக்கும் இல்லாததால், கும்பல்களிடம் தானியங்கித் துப்பாக்கிகள் பெருகப் பெருக, அரசு அப்படையையே திரும்பத் திரும்ப அனுப்பியது. 1983இலும் 1991இலும் ஆளுநரான லியோனெல் பிரிசோலா, ஆணையின்றி ஃபவேலா வீட்டின் கதவை உடைக்கக் கூடாது என்று காவல் துறையைக் கட்டுப்படுத்த முயன்றார். ரியோ இராணுவக் காவல் படையின் முதல் கறுப்பினத் தளபதியான கார்லோஸ் மாக்னோ நசரே செர்கெய்ராவை அவர்தான் நியமித்தார். அம்முயற்சி குற்றவாளிகளுக்கு அடைக்கலம் தருவதாகப் பழிக்கப்பட்டது. 1993இல் கந்தெலாரியா தேவாலயத்தின் அருகே உறங்கிக்கொண்டிருந்த தெருப்பிள்ளைகளும் இளைஞர்களுமாக எட்டுப் பேரும், அடுத்த மாதம் விகாரியோ ஜெரால் ஃபவேலாவில் 21 பேரும் காவலர்களால் கொல்லப்பட்டார்கள். 1995இல் வந்த அடுத்த அரசு, மோதலில் 'துணிவு' காட்டும் காவலர்களுக்குச் சம்பள உயர்வு வழங்கியது. மக்கள் அதற்கு 'வைல்டு வெஸ்ட் போனஸ்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். துணிவு எதைக் கொண்டு அளக்கப்பட்டது என்பதைச் சமூகவியலாளர் இக்னாசியோ கானோ 1990களின் பிற்பகுதியில் செய்த ஆய்வு காட்டியது: காவல் துறையால் காயமடைந்தவர்களைவிடக் கொல்லப்பட்டவர்கள் மிகுதியாக இருந்தார்கள்.

படத்தின் கதை நிகழும் காலம் இதுவே. 1997 அக்டோபரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ரியோவுக்கு வந்தார். படத்தின் கதைப்படி, அவர் தங்கவிருக்கும் இடத்துக்கு அருகிலுள்ள குன்றில் இரவில் துப்பாக்கிச் சத்தம் கேட்காமலிருக்க, அக்குன்றை முன்கூட்டியே 'சுத்தம்' செய்யும்படி நாசிமென்டோவின் படை பணிக்கப்படுகிறது. இதே திருத்தந்தை 1980இல் வந்தபோது, இடிப்பு அச்சுறுத்தலிலிருந்து அண்மையில் தப்பியிருந்த விதிகால் குன்றுக்கு நடந்து ஏறிச்சென்று, தம் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி அம்மக்களுக்குக் கொடுத்தார் என்பதை நினைவில் கொண்டு பார்த்தால், அந்தப் பதினேழு ஆண்டுகளில் நகரம் எவ்வளவு மாறிப்போயிற்று என்பது விளங்கும்.

படம் பிறந்த வழியும் வரலாற்றின் பகுதியே. 1999இல் ஜோவான் மொரெய்ரா சாலிஸும் காட்டியா லுண்டும் எடுத்த 'ஒரு தனிப்பட்ட போரின் செய்திகள்' என்ற ஆவணப்படத்தில், போப்பியின் தலைவர்களுள் ஒருவரான ரொத்ரிகோ பிமென்தெல், இந்தப் போருக்கு முடிவில்லை என்று சீருடையுடனேயே வெளிப்படையாகப் பேசினார். 2000 ஜூன் 12 அன்று 174ஆம் எண் பேருந்தை ஓர் இளைஞன் கைப்பற்றிப் பயணிகளைப் பிணையாக வைத்த நிகழ்ச்சி பல மணிநேரம் தொலைக்காட்சியில் நேரலையாக ஓடியது; போப்பியின் நடவடிக்கை தவறிப்போய்ப் பிணையாளான ஓர் இளம்பெண் இறந்தாள், பிடிபட்ட இளைஞன் காவல் வண்டிக்குள் மூச்சுத் திணறடிக்கப்பட்டு மாண்டான். அவன் கந்தெலாரியா கொலையில் உயிர் தப்பிய பிள்ளைகளுள் ஒருவன். பாதில்யா 2002இல் எடுத்த முதல் ஆவணப்படம் அவனைப் பற்றியதே. அதன்பின் காவலரின் பக்கத்திலிருந்து அதே உலகைப் பார்க்க விரும்பிய அவர், பணியிலிருந்து விலகியிருந்த பிமென்தெலுடன் சேர்ந்து திரைக்கதை எழுதினார். பிமென்தெலும் மற்றொரு போப்பி அதிகாரியான ஆந்திரே பதிஸ்தாவும், மாநிலப் பாதுகாப்புத் துறையில் பதவி வகித்த மானிடவியலாளர் லூயிஸ் எதுவார்தோ சுவாரிஸும் அதே உலகைப் பற்றி இணைந்து எழுதிய நூல் 2006இல் வெளிவந்தது.

படம் திரையரங்குக்கு வருமுன்பே, 2007 ஆகஸ்டில், அதன் திருட்டுப் பிரதி வெளியேறி நடைபாதை வணிகர்களின் விரிப்புகளில் குவிந்தது. ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் பேர் அப்பிரதியில் படத்தைப் பார்த்ததாக மதிப்பிடப்பட்டது. திரையரங்கில் பார்த்தவர்கள் சுமார் 24 லட்சம் பேர். வெளியீட்டைத் தடுக்கக் காவல் அதிகாரிகள் சிலர் நீதிமன்றம் சென்று தோற்றார்கள். 2008 பெர்லின் திரைவிழாவில், கோஸ்டா காவ்ராஸ் தலைமையிலான நடுவர் குழு அப்படத்துக்குத் தங்கக் கரடி விருதை வழங்கியது. அதே விழாவில் சில விமர்சகர்கள் அதைப் பாசிசப் படம் என்று கண்டித்தார்கள். நாட்டுக்குள்ளோ சிறுவர்கள் விளையாட்டுத் துப்பாக்கியோடு நாசிமென்டோவின் வசனங்களைச் சொல்லித் திரிந்தார்கள். சித்திரவதை செய்பவனாகக் காட்டப்பட்டவன் வீரனாகக் கொண்டாடப்பட்டான்.

இந்த முரணுக்கு ஒரு காரணம் படத்தொகுப்பு அறையில் இருக்கிறது. முதல் திரைக்கதையில் மையப் பாத்திரம் நாசிமென்டோ அல்லன்; சட்டம் பயிலும் கறுப்பினக் காவலனான மத்தியாஸ்தான். படப்பிடிப்பு முடிந்தபின், நாசிமென்டோவாக வந்த வாக்னர் மோவுராவின் நடிப்பு மற்றெல்லாவற்றையும் விழுங்கிவிட்டதைக் கண்டு, கதை முழுவதையும் நாசிமென்டோவின் குரலில் திருப்பி அமைத்தார்கள். ஒரு மனிதனின் குரல் இரண்டு மணிநேரம் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தால், அவன் நியாயம் கேட்பவரின் நியாயமாகிவிடும். பிளாஸ்டிக் பையைத் தலையில் மாட்டி மூச்சை அடைக்கும் காட்சியில், பைக்குள் இருப்பவனின் குரல் பார்வையாளருக்குக் கேட்பதில்லை. படத்தின் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளுள் இதுவே வலுவானது. ஆயினும் காவல் துறைக்குள் ஓடும் மாமூல் பணத்தை அது காட்டிய அளவுக்கு அதற்குமுன் எந்தப் பிரேசில் படமும் காட்டியதில்லை. குன்றின் புகைவாயிலிருந்து காவல் நிலையத்துக்கு வாரந்தோறும் இறங்கும் பணத்துக்கு ரியோவில் 'அர்ரேகோ' என்று பெயர். அது நிற்கும் நாளில்தான் துப்பாக்கிச் சண்டை தொடங்கும் என்பதைப் படம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது.

மத்தியாஸின் நண்பனான நெத்தோ கொல்லப்படும் பகுதியில் அப்படம் தன் ஆழத்தைத் தொடுகிறது. எழுத்தைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்க்கும் ஃபவேலாச் சிறுவன் ஒருவனுக்குக் கண்ணாடி வாங்கித் தருவதாக மத்தியாஸ் வாக்களித்திருக்கிறான்; மத்தியாஸுக்குப் பதிலாக அதைக் கொடுக்கப் போன இடத்தில் நெத்தோ சுடப்படுகிறான். கீழே கிடப்பவனின் கையில் பச்சைகுத்தியிருந்த மண்டையோட்டைக் கண்டதும்தான், தான் கொன்றது போப்பிக்காரனை என்று கும்பல் தலைவன் உணர்ந்து நடுங்குகிறான். அதன்பின் நடப்பது முழுவதும் பழிவாங்கல்; சட்டத்தின் பெயர்கூட அங்கே உச்சரிக்கப்படுவதில்லை. இறுதியில் பிடிபட்ட தலைவன், சவ அடக்கத்தின்போது தன்னைப் பார்க்க வருபவர்களுக்காக, முகத்தில் சுட வேண்டாம் என்று கெஞ்சுகிறான். மத்தியாஸின் துப்பாக்கிக் குழல் நேராகக் கேமராவை நோக்கித் திரும்புகிறது. படம் அத்துடன் முடிகிறது.

2010இல் வந்த இரண்டாம் படம் தன் தொடக்கத்தையே சிறையில் வைத்தது. 2002இல் பாங்கு சிறையில் நடந்த கலவரத்தை அடியொற்றிய அக்காட்சிக்குப் பின், படம் கும்பல்களை விட்டு 'மிலீசியா' என்ற கூட்டங்களை நோக்கித் திரும்புகிறது. பணியிலுள்ள, ஓய்வுபெற்ற காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் சேர்ந்து, போதை விற்பவர்களை விரட்டிவிட்டு, பாதுகாப்புக் கட்டணம், சமையல் எரிவாயு, கேபிள் இணைப்பு, வேன் போக்குவரத்து எல்லாவற்றுக்கும் வரி பிரிக்கும் கூட்டங்கள் அவை. சட்டமன்ற உறுப்பினர் மார்செலோ ஃப்ரெய்ஷோ தலைமையில் 2008இல் நடந்த விசாரணை, இருநூறுக்கும் மேற்பட்டோர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. படத்தில் வரும் மனித உரிமைப் போராளியின் பாத்திரம் அவரை ஒட்டி அமைந்தது. இம்முறை திருட்டுப் பிரதி வெளியேறாதபடி கடுங்காவல் போடப்பட்டதால், 1 கோடியே 10 லட்சம் பேர் சீட்டு வாங்கிப் பார்த்தார்கள்.

அப்படம் ஓடிக்கொண்டிருந்த அதே நவம்பரில், கடற்படையின் கவச வண்டிகளோடு போப்பி வில்லா குருசெய்ரோவிலும் அலெமான் குன்றுத் தொகுதியிலும் நுழைந்தது. துப்பாக்கியேந்திய ஆண்கள் செம்மண் பாதையில் கூட்டமாக ஓடுவதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 2008 டிசம்பரில் சாந்தா மார்த்தா குன்றில் தொடங்கிய 'அமைதிக் காவல் நிலையங்கள்' திட்டத்தின்படி, கைப்பற்றிய குன்றுகளில் நிரந்தரக் காவல் நிலையங்கள் அமைக்கப்பட்டன. சில ஆண்டுகள் அது பலன் தந்தது என்பதை மறுக்க முடியாது: ரியோ மாநிலத்தில் காவல் துறையால் கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை 2007இல் 1,330ஆக இருந்தது, 2013இல் 416ஆகக் குறைந்தது. ஆனால் காவல் நிலையம் வந்த அளவுக்குக் கழிவுநீர்க் கால்வாயும் பள்ளியும் வேலையும் வரவில்லை. அலெமானில் 2011இல் திறக்கப்பட்ட கம்பிவடத் தொங்கூர்தி, ரியோ ஒலிம்பிக் போட்டி முடிந்த சில வாரங்களில், 2016 அக்டோபரில் நின்றுபோயிற்று. 2019இல் கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை 1,814ஐத் தொட்டது.

2025 அக்டோபர் 28 அன்று, அதே அலெமான், பென்யா குன்றுத் தொகுதிகளில் செந்தலைமையைக் குறிவைத்து நடந்த நடவடிக்கையில் நான்கு காவலர்கள் உட்பட 120க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவ்விரு தொகுதிகளுக்கும் நடுவே, கருணை என்று பொருள்படும் மிசெரிகோர்தியா என்ற பெயர் கொண்ட மலைக்காட்டில் போப்பி முன்கூட்டியே நிலைகொண்டிருக்க, கீழிருந்து விரட்டப்பட்டவர்கள் அக்காட்டுக்குள் ஓடினார்கள். மறுநாள் விடியும் முன்பே குன்றின் மக்கள் காட்டுக்குள் சென்று, அறுபதுக்கும் மேற்பட்ட உடல்களைத் தாங்களே சுமந்து இறக்கிப் பென்யாவின் சதுக்கத்தில் வரிசையாகக் கிடத்தினார்கள். தாய்மாரும் மனைவியரும் அந்த வரிசையின் ஓரமாக நடந்து, ஒவ்வொரு உடலின் அருகிலும் நின்று, குனிந்து முகத்தைப் பார்த்தார்கள்.